அம்மா செய்யாத சீஸ் கூழ்

எங்கள் வயதுக்காரர் பழைய காலத்தைப் பற்றி எழுதினால் எனக்கு எரிச்சல் வரும். குளத்து மீன், மாட்டுவண்டி, எல்லாரும் ஒற்றுமையாக இருந்தோம் என்ற கதை. யார் ஒற்றுமையாக இருந்தது? நீங்களும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். அதே வகுப்பில் நிலத்தில் இருத்தப்பட்ட பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களைப் பற்றி நாங்கள் எழுதுவதில்லை. எழுதினால் நாங்களும் அதில் வருவோம்.

நான் வருகிறேன். நீங்கள் என்ன நினைத்தாலும் சரி.

போன மாதம் வெளிநாட்டிலிருந்து வந்த மருமகள் எங்கள் குசினியில் சீஸ் கூழ் காய்ச்சினாள். அவள் அதற்கு வேறு பெயர் சொன்னாள். பிஸ்கற்றைத் தொட்டுத் தின்கிற மஞ்சள் குழம்பு. கோதுமை மா, பால், மாஜரீன், சீஸ், கொஞ்சம் மிளகு. பத்து நிமிட வேலை. பேரப்பிள்ளைகள் கோப்பையை வழித்துத் தின்றார்கள். "மாமி, நீங்களும் சாப்பிட்டுப் பாருங்கோ, உறைப்பே இல்லை" என்றாள். உறைப்பில்லை என்று எனக்குத் தெரியும். எனக்குப் பத்து வயதிலேயே தெரியும். வேண்டாம் என்று எழும்பிப் போனேன். மருமகள் முகம் சுருங்கிப் போனது. அவளிடம் சொல்லாத காரணத்தைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

குளத்தில் தண்ணீர் இல்லாமல் சிறுபோகம் விதைக்காத ஒரு வருஷம் அது. வாய்க்கால் வெடித்துக் கிடந்தது. காட்டில் பாலைப்பழம் நல்ல காய்ப்பு. அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்துக்குக் கீழே காணி எடுத்த முதல் ஆட்களில் ஒருவர். குடியேற்றத் திட்டத்துக் கமக்காரர் சங்கத்தின் செயலாளரும் அவர்தான். எங்கள் வீட்டுக்கு ஓடு போட்டிருந்தது. நான்கு கதிரை இருந்தது. ஒரு அலுமாரி இருந்தது. அந்தப் பக்கத்தில் அது பெரிய வீடு.

குளக்கட்டுக்கு அங்கால், காட்டோரத்தில், ஐந்தாறு குடிசைகள் இருந்தன. மலைநாட்டுத் தோட்டங்களில் குடியிருந்த லயத்து வீடுகளை எரித்து அடித்துத் துரத்தியதால் வந்த சனம். காட்டை வெட்டி, அடிக்கட்டைகளை எரித்து, மரவள்ளியும் பூசணியும் போட்டிருந்தார்கள். எங்களுக்கு அரசாங்கம் வெட்டித் தந்த காணி. அவர்கள் தாங்களே வெட்டிய காணி. ஆனால் எங்களிடம் கடதாசி இருந்தது, அவர்களிடம் இல்லை.

அந்த வருஷம் காணிக் கச்சேரி வருகிறது என்று சொன்னார்கள். உங்களுக்கு விளக்கத் தேவையில்லை, பிள்ளைகளுக்கு விளங்க எழுதுகிறேன். காணி அதிகாரி வந்து பள்ளிக்கூட மண்டபத்தில் மேசை போட்டு இருப்பார். பட்டியலில் பெயர் இருக்கிறவனுக்குப் பெர்மிட். பெயர் இல்லாதவன் அத்துமீறிக் குடியிருக்கிறவன், எழும்ப வேண்டும். பட்டியலை எழுதிக் கொடுப்பது சங்கத்தின் செயலாளர். அதாவது என் அப்பா.

அந்தக் குடிசைகளில் ஒன்றிலிருந்து ஒரு பெண் எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருவார். முற்றம் கூட்டுவார், நெல் குத்துவார், உடுப்புத் தோய்ப்பார். புருஷன் காட்டில் அடிக்கட்டை கிளப்பிக்கொண்டிருப்பார். எங்கள் வீட்டில் அந்தப் பெண்ணை "அது" என்றுதான் சொல்வோம். "அது வந்திட்டுதோ?" "அதைக் கூப்பிடு." நானும் அப்படித்தான். இங்கே நான் அக்கா என்று எழுதுகிறேன். அப்போது சொல்லாததை இப்போது எழுதுவது சுகமான வேலை, அதுவும் எனக்குத் தெரியும்.

அக்கா குசினிப் படியைத் தாண்டக்கூடாது. அவருக்கென்று கைபிடி இல்லாத ஒரு தகரப் பேணி வேலிக் கதியாலில் கொழுவியிருக்கும். அம்மா தேத்தண்ணியை உயரத்திலிருந்து ஊற்றுவார். அக்கா பேணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பார். சில நாட்களில் சுடுதண்ணி கையில் தெறிக்கும். கையை உதறமாட்டார். உதறினால் தேத்தண்ணி சிந்திவிடும்.

ஒவ்வொரு கிழமையும் அப்பாவிடம் அதே கேள்வி கேட்பார்.

"ஐயா, நம்ம பேரு இருக்குங்களா?"

"இருக்கு, இருக்கு. எத்தினை தரம் சொல்லுறது?"

"இல்லீங்கய்யா, அவரு கேக்கச் சொன்னாரு."

"அவருக்கு வாய் இல்லையோ?"

"அவருக்கு உங்களைக் கண்டா பயமுங்க."

அப்பாவுக்கு அந்தப் பதில் பிடிக்கும். சிரிப்பார். பெயர் இருந்தது என்பதை நானே பார்த்தேன். மேசையில் கிடந்த பட்டியலில் ஏழாவது பெயர். அக்காவின் மகளுக்கு என் வயது. ஒருநாள் அவளோடு பாலைப்பழம் பொறுக்கப் போய், பழத்தின் பால் ஒட்டிய உதட்டுக்குத் தேங்காயெண்ணெய் கேட்டு அவர்கள் குடிசைக்குப் போனேன். அவள்தான் காணியைச் சுற்றிக் காட்டினாள். இரண்டு ஏக்கர். வேலிக்குப் பதிலாகக் கல் அடுக்கியிருந்தார்கள். "இதுல எங்கம்மா நெல்லு போடப் போவுது" என்று ஒரு இடத்தைக் காட்டினாள். "கடதாசி வரட்டும்னு அப்பா சொல்லிச்சு." நான் எண்ணெய் பூசிக்கொண்டு வந்துவிட்டேன். அவர்கள் வீட்டில் தண்ணீர் தந்தார்கள், குடிக்கவில்லை. குடித்தால் அம்மா அடிப்பார்.

காணி அதிகாரி கச்சேரிக்கு முதலே ஒருமுறை இடம் பார்க்க வந்திருந்தார். மனைவியையும் கூட்டி வந்திருந்தார். அம்மா உழுந்து வடையும் கட்டைச் சம்பலும் வைத்தார். அதிகாரியின் மனைவி ஒரு வாய் கடித்துவிட்டுக் கண்ணால் தண்ணீர் விட்டார். "எனக்கு வயித்தெரிவு, உறைப்புக் கூடாது எண்டு டொக்டர் சொன்னவர்" என்று சொல்லிவிட்டு வெறும் தேத்தண்ணியைக் குடித்தார். அப்பாவுக்கு அது பெரிய அவமானம். நான்கு நாள் அதே பேச்சு. அடுத்தமுறை அவர்கள் வருவது பட்டியலை வாங்க. அதற்கு உறைப்பில்லாத, கௌரவமான ஒரு பண்டம் வேண்டும்.

"பிஸ்கற்றும் வாழைப்பழமும் வைப்பம்" என்றார் அம்மா.

"அது சாவீட்டுக்கு வாற ஆக்களுக்கு வைக்கிறது."

முற்றத்தில் கூட்டிக்கொண்டிருந்த அக்கா விளக்குமாற்றை நிறுத்தினார்.

"அம்மா, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"தொரை பங்களாவுல நான் ஆறு வருஷம் குசினியில இருந்தேங்க. தொரைசானிக்கும் இதே மாதிரி வயிறு. சீசு போட்டு ஒரு சாஸ் வைப்பாங்க. பிஸ்கட்டத் தொட்டுச் சாப்புடுவாங்க. காரமே கிடையாது. வீட்டுல இருக்கிற சாமான்தான். சீசு மட்டும் வாங்கணும்."

அப்பா வவுனியாவுக்குப் பஸ் ஏறிப் போய்ச் சீஸ் ரின் ஒன்றும் நல்ல பிஸ்கற் பெட்டி ஒன்றும் வாங்கி வந்தார். ரின்னைக் கத்தியால் திறந்தபோது கழுவாத பால்போத்தல் மணம் வந்தது. அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டார். "உதைக் காசு குடுத்து வாங்கித் தின்னுதுகளே" என்றார்.

அவர்கள் நான்கு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அம்மா ஒரு மணிக்கு அடுப்பை மூட்டினார். ஏற்பாடு இதுதான்: அக்கா படிக்கு வெளியே நின்று சொல்லுவார், அம்மா உள்ளே செய்வார். வெளியே நிற்பவருக்கு அடுப்பும் தெரியாது, தட்டும் தெரியாது. அம்மாவின் முதுகு மட்டும் தெரியும்.

"மொதல்ல மாஜரீனை உருக்குங்கம்மா. கருக விட்டுறாதீங்க."

"எனக்கு உருக்கத் தெரியும். மிச்சத்தைச் சொல்லு."

"கோதும மாவு ரெண்டு கரண்டி போட்டு, பச்ச வாசன போற வரைக்கும் வறுங்க. செவக்கக் கூடாது. நெருப்ப இழுத்துக்குங்க."

"ம்."

"இப்ப பால்மாவுக் கரைச்சல சுடவச்சு, கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க. ஒரேயடியா ஊத்தாதீங்க."

"ஊத்திப்போட்டன்."

"அப்பிடீங்களா. அப்ப நல்லாக் கலக்குங்க."

அம்மா கலக்கினார். தாச்சிக்குள் பால் ஒரு பக்கமும் மா ஒரு பக்கமுமாக நின்றது. அரிசிக் குறுணல் போலக் குட்டிக் குட்டிக் கட்டிகள். எவ்வளவு துழாவினாலும் தடிக்கவில்லை. நான் எட்டிப் பார்த்துச் சிரித்தேன், மண்டையில் ஒரு குட்டு விழுந்தது. அம்மா தாச்சியைக் கொண்டு வந்து படியில் வைத்தார்.

"உன்ர துரைமார் உதையோ தின்னுறவங்கள்?"

அக்கா குனிந்து பார்த்தார். "தொரை இதத் தின்னிருந்தா எங்கள அப்பவே தோட்டத்த விட்டு வெரட்டியிருப்பாரும்மா" என்றார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார்.

"அம்மா, அந்த மாவ ஒரு துளி காட்டுங்க."

அம்மா ஒரு பூவரசம் இலையில் கொஞ்சம் மாவை வைத்துப் படியில் தள்ளிவிட்டார். அக்கா அதை இரண்டு விரலுக்கிடையில் தேய்த்தார்.

"இது அவிச்ச மாவுங்கம்மா. புட்டுக்குத்தான் ஆகும். சாஸுக்குப் பச்ச மாவு வேணும்."

உங்கள் வீடுகளிலும் அப்படித்தானே. கோதுமை மா வாங்கி வந்த அன்றே துணியில் கட்டி நீராவியில் அவித்து, அரித்து, ரின்னில் போட்டுவிடுவோம். பச்சை மா என்ற ஒன்று வீட்டில் இருக்காது. மா என்றால் அவித்த மாதான். அம்மாவுக்கு அது யோசிக்கிற விஷயமே இல்லை. அக்கா உள்ளே நின்றிருந்தால் ரின்னைத் திறந்தவுடனேயே சொல்லியிருப்பார். நல்லகாலம், சீஸ் இன்னும் போடவில்லை.

நான் கடைக்கு ஓடிப் பச்சை மா வாங்கி வந்தேன். அதற்குள் மணி இரண்டரை. அம்மா மணிக்கூட்டைப் பார்த்தார். றோட்டைப் பார்த்தார். றோட்டுப் பக்கக் கதவைச் சாத்திக் கொண்டி போட்டார்.

"காலைக் கழுவிப்போட்டு உள்ளுக்கு வா."

அக்கா அசையவில்லை.

"வா எண்டு சொல்லுறன். ஒருத்தரும் பாக்கேல்ல."

அக்கா காலை இரண்டு தரம் கழுவினார். உள்ளே வந்தவர் எங்கும் சாயாமல், எதிலும் முட்டாமல், உடம்பை ஒடுக்கிக்கொண்டு நின்றார். அகப்பையைக் கையில் எடுத்த பிறகு அது வேறு ஆள். விறகை இழுத்துத் தணலைப் பரப்பினார். மாஜரீன் உருகி நுரை அடங்கும்வரை பொறுத்தார். மா போட்டார், மணம் மாறியதும் தாச்சியை இறக்கிவிட்டார். இறக்கி வைத்தபடியே சூடான பாலை நூல்போல ஊற்றித் துழாவினார். கட்டியே இல்லை. திரும்ப அடுப்பில் வைத்து, தடித்து அகப்பையின் முதுகில் ஒட்டுகிற பக்குவம் வந்ததும் மறுபடி இறக்கினார். அதற்குப் பிறகுதான் துருவிய சீஸ். "அடுப்புல இருக்கையில போட்டா எண்ணெய் பிரிஞ்சுரும் பாப்பா" என்று எனக்குச் சொன்னார். அம்மாவுக்குச் சொல்லவில்லை, எனக்குச் சொன்னார். மிளகுத்தூள் ஒரு சிட்டிகை, கடுகுத்தூள் நுனிவிரல் அளவு.

அம்மாவின் கை தன்பாட்டில் மிளகாய்த்தூள் போத்தலுக்குப் போனது.

"ஒரு துளி போட்டால் என்ன? சப்பெண்டு இருக்கும்."

"வேணாம்மா. அந்தம்மாவுக்கு வயிறு எரியும்னு சொன்னீங்களே."

அகப்பை நுனியில் கொஞ்சம் எடுத்து ஊதி எனக்குத் தந்தார். வாய்க்குள் சண்டை பிடிக்காத ஒரு சாப்பாட்டை நான் அன்றுதான் முதல்முதல் தின்றேன். உப்பும் பாலும் வேறு ஏதோ ஒன்றுமாக நாக்கில் படுத்துக் கிடந்தது. ரின்னைத் திறந்தபோது வந்த மணம் எங்கே போனது என்று தெரியவில்லை. அம்மாவும் தொட்டு நக்கிப் பார்த்தார். இன்னொருதரம் தொட்டார்.

"கூழ் மாதிரித்தான் கிடக்கு" என்றார். அதிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குச் சீஸ் கூழ் என்று பெயர்.

அக்கா பின்பக்கத்தால் போனதும் அம்மா படிக்குச் சாணித் தண்ணி தெளித்தார். அகப்பையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தார். கூழைப் பீங்கான் கோப்பையில் ஊற்றி மூடி வைத்தார். கால் பட்ட படி தீட்டு, கை பட்ட கூழ் தீட்டில்லை. எனக்கு அப்போது அதில் ஒரு பிழையும் தெரியவில்லை.

"ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது" என்றார் என்னிடம். "சொன்னியோ, தோலை உரிப்பன்."

அதிகாரியும் மனைவியும் நேரத்துக்கு வந்தார்கள். ஜீப் வேப்பமரத்தடியில் நின்றது. அதிகாரியின் மனைவி ஒரு பிஸ்கற்றைக் கோப்பையில் தொட்டுப் பயந்து பயந்து கடித்தார். பிறகு அவர் பிஸ்கற்றை எண்ணவில்லை. வெள்ளரிப்பிஞ்சு நறுக்கி வைத்திருந்ததையும் தொட்டுத் தின்றார்.

"இதை ஆர் செய்தது?"

"நான்தான்" என்றார் அம்மா.

"இவ்வளவு மட்டாச் செய்யிறது கஷ்டம். எங்க பழகினனீங்கள்?"

"சும்மா, புத்தகத்தில பார்த்து."

அப்பா கதிரையில் நிமிர்ந்து இருந்தார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் அடிக்கடி பார்த்ததில்லை. பட்டியலைப் பற்றி இருவரும் கதைக்கத் தொடங்கினார்கள். அதிகாரியின் மனைவி கை கழுவ எழும்பினார். தண்ணி அள்ளிக் கொடு என்று என்னை அனுப்பினார்கள்.

கிணற்றடியில் நானும் அவரும் மட்டும். அவரிடம் பவுடர் வாசம். கையில் தங்கச் சங்கிலி மணிக்கூடு. நான் அள்ளிய தண்ணியில் கையைக் கழுவிக்கொண்டு, "உங்கட அம்மா கெட்டிக்காரி" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவர் என்னையும் பார்க்க வேண்டும், என்னோடும் கதைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கொடுக்க என்னிடம் ஒரேயொரு சாமான் இருந்தது. அதைக் கொடுத்தேன்.

"அம்மா செய்யேல்ல" என்றேன். "எங்கட வீட்டு வேலைக்கு வாற தோட்டக்காட்டு மனிசிதான் செய்தது. கதவைப் பூட்டிப்போட்டுச் செய்தது. அம்மா ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது எண்டவா."

அவர் என்னைப் பார்த்தார். சிரித்தார். கன்னத்தில் ஈரக்கையால் தட்டினார். "நான் சொல்லமாட்டன்" என்றார். நான் பெரிய ஆளாகிவிட்டேன் என்று நினைத்தேன்.

அவர் அதைச் சூழ்ச்சியாகச் செய்யவில்லை. ஜீப்பில் ஏறும்போது அம்மாவின் கையைப் பிடித்துச் சாதாரணமாகத்தான் சொன்னார்: "அந்த மனிசியை ஒருக்கா என்னட்ட அனுப்புங்கோ. நல்ல கை. வவுனியாவில எனக்குச் சமைக்க ஒரு ஆள் இல்லை."

அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் தெரியாது. புத்தகத்தில் பார்த்துச் செய்தேன் என்று சொன்ன வாய் அது. ஜீப் போகும்வரை இருவரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். தூசி அடங்கியது. அப்பா திரும்பி, "கூப்பிடு அதை" என்றார்.

அக்கா பின்வளவில் இருந்து ஈரக் கையோடு வந்தார். முற்றத்தில் நின்றார். நான் அம்மாவுக்குப் பின்னால்.

"நீ எப்ப அந்த அம்மாவோட கதைச்சனீ?" என்று கேட்டார் அம்மா.

"நான் பேசவே இல்லீங்கம்மா. முன்பக்கம் வரவே இல்ல."

"அப்ப காத்து வந்து சொல்லிச்சுதோ?" இது அப்பா. "என்ர தலைக்கு மேலால போய் அதிகாரியைப் பிடிக்கப் பாக்கிறியோ? பேர் போட்டுத் தந்தது நான். என்னை விட்டிட்டு அவையிட்டப் போய்க் காணி கேட்டனீ, என்ன?"

"சாமி சத்தியமா இல்லீங்கய்யா."

"அப்ப ஆர் சொன்னது?"

அக்கா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. குரலும் உயரவில்லை.

"பாப்பா, நீதானே அந்தம்மா கூட கெணத்தடிக்குப் போன. நீ ஏதாச்சும் சொன்னியா? சொல்லிரு கண்ணு, ஒண்ணும் செய்ய மாட்டாங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தோலை உரிப்பன் என்று அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. நான் இல்லை என்று சொன்னேன். அதோடு நின்றிருந்தால் பத்து வயதுப் பிள்ளை, பயத்தில் சொன்ன பொய் என்று இன்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். நான் நிற்கவில்லை.

"நான் கண்டனான்" என்றேன். "அது ஜீப்படியில நிண்டு அந்த அன்ரியோட கதைச்சது."

யாரும் கேட்காமல் நானே கட்டிய வசனம். எங்கிருந்து வந்தது என்று தெரியாது. ஆனால் நன்றாக, தடக்காமல் வந்தது.

அம்மா அக்காவின் கன்னத்தில் அறைந்தார். "செய்யிறதையும் செய்துபோட்டு என்ர பிள்ளையில பழி போடுறியோ?" அக்கா கன்னத்தைத் தொடவில்லை. என்னைப் பார்ப்பதையும் விட்டுவிட்டார். அப்பாவைப் பார்த்து, "ஐயா, பேர மட்டும் வெட்டிராதீங்க" என்றார். "வேலைக்கு வேணாம்னா வேணாம். பேர வெட்டிராதீங்கய்யா. அவரு அந்தக் காட்ட ஒத்தக் கையால வெட்டினாரு."

அப்பா உள்ளே போனார்.

பிறகு நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். பள்ளிக்கூட மண்டபத்தில் எங்களையும் பின்னுக்கு நிற்க விட்டார்களே. அதிகாரி பெயர்களை வாசித்தார். ஆறாவது பெயருக்குப் பிறகு எட்டாவது பெயர் வந்தது. ஏழாம் இடத்தில் ஒரு பெயர் இருந்தது என்று அங்கிருந்த பிள்ளைகளில் எனக்கு மட்டும் தெரியும். அக்காவின் புருஷனை நான் அன்றுதான் கிட்டத்தில் பார்த்தேன். ஒல்லியான மனிசன். பட்டியல் முடிந்து, மேசையை மடித்து, எல்லோரும் எழும்பிய பிறகும் அவர் நின்றுகொண்டிருந்தார், இன்னும் ஒரு பக்கம் வாசிப்பார்கள் என்பது போல. அதிகாரியின் மனைவி அன்றைக்கு வரவில்லை. அதிகாரியிடமாவது போய்ச் சொல்லியிருக்கலாம். நான் போகவில்லை என்பதை விடுங்கள், அப்படி ஒரு வழி இருக்கிறது என்றே நான் யோசிக்கவில்லை.

மழைக்கு முன்னமே அவர்கள் போய்விட்டார்கள். பூவரசங்குளம் பக்கம் போனதாக ஒருவர் சொன்னார், திரும்ப மலைநாட்டுக்கே போனதாக இன்னொருவர் சொன்னார். அவர்கள் போகும்போது மரவள்ளி இன்னும் இழுக்கிற பருவம் வரவில்லை. யாரோ இழுத்துத் தின்றிருப்பார்கள். நாங்களும் தின்றோம்.

பல வருஷம் கழித்து, அப்பா நெளுக்குளத்தில் என் தம்பி வீட்டில் படுக்கையில் கிடந்தபோது அவரிடம் சொன்னேன். அம்மா செத்துப் போயிருந்தார். எனக்கு அப்போதே தலை நரைத்துவிட்டது. "அண்டைக்குச் சொன்னது நான்தான் அப்பா. அந்த மனிசி இல்லை."

அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். கேட்கவில்லையாக்கும் என்று நினைத்தேன்.

"உது இல்லாட்டி வேற சாட்டு ஒண்டு பிடிச்சிருப்பன்" என்றார். "உன்ர சித்தப்பா யாழ்ப்பாணத்திலயிருந்து, தனக்கு அந்த ரெண்டு ஏக்கரும் வேணும் எண்டு கடிதம் போட்டவன். என்ன சொல்லி அந்தப் பேரை எடுக்கிறது எண்டு யோசிச்சுக்கொண்டு இருந்தனான். நீ ஒண்டும் யோசியாதை பிள்ளை."

எனக்கு நிம்மதியாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், நெஞ்சிலிருந்து கல்லை இறக்கியது போல இருந்தது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நிம்மதி. வீட்டுப் படலையைத் திறக்கும்போதுதான் எனக்குள் ஒன்று கேட்டது: உனக்கு எதற்கடி நிம்மதி? அப்பாவுக்கு ஒரு சாட்டு வேண்டியிருந்தது. எடுத்துக் கொடுத்தது நீதானே. அப்பா செய்தது அவருடைய அநியாயம். நான் செய்தது என்னுடையது. இரண்டையும் சேர்த்துப் பங்கு பிரித்தால் ஒன்றும் குறையாது. நான் ஜீப்படியில் கண்டேன் என்று சொன்னது அப்படியே இருக்கிறது.

படலை என்று எழுதினேன். எந்தப் படலை என்று உங்களுக்குத் தெரியும். சித்தப்பா யாழ்ப்பாணத்தை விட்டு ஒருநாளும் வந்து குடியிருக்கவில்லை. அந்த இரண்டு ஏக்கரும் எனக்குச் சீதனமாக வந்தது. என் பிள்ளைகளை அங்கேதான் பெற்றேன். சண்டையில் எல்லாரும் ஓடினோம். திரும்பி வந்தபோது வீடு இல்லை, பெர்மிட் மட்டும் உடுப்புப் பையின் அடியில் இருந்தது. கடதாசி இருந்தவர்களுக்கு வீட்டுத்திட்டம் தந்தார்கள். எனக்கும் தந்தார்கள். கடதாசி இல்லாதவர்கள் பக்கத்தில் தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்து நாங்கள் அத்திவாரம் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கடதாசி என்ன செய்யும் என்று நான் பத்து வயதில் அறியவில்லை என்று சொல்லலாம். அத்திவாரம் வெட்டிய அன்றைக்கு அறிந்துகொண்டேன். அறிந்த பிறகு என்ன செய்தேன் என்பதைத்தான் கடைசியாகச் சொல்லப்போகிறேன்.

மருமகள் வந்து போய் ஒரு கிழமைக்குள், பெர்மிட்டுகளைக் காணி உறுதிப் பத்திரமாக மாற்றித் தருகிறோம் என்று காணிக் கந்தோரிலிருந்து நடமாடும் சேவைக்கு வந்திருந்தார்கள். அதே பள்ளிக்கூடம். புதிய மண்டபம். என் முறை வந்தது. மேசையில் இருந்த பிள்ளைக்கு இருபத்தைந்து வயது இருக்கும், நல்ல மரியாதையான பிள்ளை. கதிரையை இழுத்துவிட்டு, "இருங்கோ அம்மா" என்றாள். படிவத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். பெயர். அடையாள அட்டை. நான்கு பக்க எல்லை.

"இந்தக் காணியை முதன்முதல் காடு வெட்டித் துப்பரவாக்கினது ஆர் அம்மா?"

நான் திரும்பிப் பார்த்தேன். வரிசையில் எனக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள்.

"தெரியாட்டிப் பரவாயில்லை, வெறுமையா விடுவம்" என்றாள் அந்தப் பிள்ளை. அடிக்கமாட்டாள். தோலை உரிக்கமாட்டாள். வெறுமையாக விடவும் வழி தந்தாள்.

"என்ர சித்தப்பா" என்றேன்.

அவள் எழுதினாள். படிவத்தைத் திருப்பி, கையெழுத்து வைக்கிற இடத்தில் ஒரு சின்னப் புள்ளடி போட்டுக் காட்டினாள்.

வைத்தேன்.